ஊசி ஒன்று, ஊர்தான் வேறு!

வகுப்பறைச் சுவரிலே உலகப்படம் தொங்குகிறது. நாட்டுக்கு ஒரு வண்ணம். ஆறு ஓடும் இடத்தில் நீலம். மலை நிற்கும் இடத்தில் பழுப்பு. அந்தப் படத்தைக் காட்டித்தான் நாள்தோறும் பாடம் நடத்துகிறேன். எதிரே எட்டாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேர். பன்னிரண்டு வயது, பதின்மூன்று வயது. மழை எங்கே மிகுதி, பருத்தி எங்கே விளையும், நிலக்கரி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் எழுந்து நின்று விடை கூறுவார்கள். ஆனால் அந்தப் படத்திலே எவரும் வரையாத கோடு ஒன்று உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவள் நாற்பது வயதில், பிள்ளைகள் படிப்பு முடிக்கும் முன்பே சாகிறாள். அந்தப் பக்கம் பிறந்தவளோ பேரனுக்குக் கதை சொல்லும் வயதுவரை வாழ்கிறாள். இரு பக்கமும் நோய் ஒன்றே. நோய்க்குக் காரணம் ஒன்றே. தடுக்கும் மருந்தும் ஒன்றே! பின், கோடு எப்படி விழுந்தது? விழுந்ததா, அல்லது வீழ்த்தப்பட்டதா?

நோயின் பெயரை முதலில் சொல்லிவிடுவோம்: கருப்பைவாய்ப் புற்றுநோய். சொல்லக் கூசும் பெயர் என்று ஒதுக்கி வைத்ததாலேயே வளர்ந்த நோய் அது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 6,60,000 பெண்களை அது பற்றியது. 3,50,000 பேரைக் கொன்றது. அந்தச் சாவுகளில் ஏறத்தாழ 80,000 இந்தியாவில் நிகழ்ந்தவை. நாளொன்றுக்கு இருநூறு பெண்களுக்கு மேல்! புயலில் இருநூறு பேர் மாண்டால் நாளேடுகள் அலறும். சட்டமன்றங்கள் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றும். இந்த இருநூறு பேரோ ஓசையின்றிப் போகிறார்கள். அடுத்த நாள் இன்னும் இருநூறு பேர்.

★

நோயைப் பற்றிய அறிவு எப்படிப் பிறந்தது என்பது சுவையான வரலாறு. இத்தாலியில் வெரோனா என்றோர் ஊர். அங்கே டொமினிகோ ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர், 1760 முதல் 1839 வரை எண்பதாண்டுச் சாவுப் பதிவேடுகளைப் புரட்டினார். 1842இல் தம் முடிவை வெளியிட்டார். கருப்பைப் புற்றுநோயால் மாண்டவர்களுள் மணமான பெண்களும் கைம்பெண்களும் மிகுதி. கன்னிமாடத்துத் துறவியரோ மிகக் குறைவு. நோயைத் தலையெழுத்து என்று அனைவரும் எண்ணியிருந்த காலம் அது. தலைக்குள் எழுதியிருப்பதைத் தேடாமல், ஏட்டில் எழுதியிருப்பதை எண்ணிப் பார்த்தார் அந்த மனிதர். எண்ணியதும் உண்மையின் முதல் இழை கையில் சிக்கியது.

அடுத்த இழை கிடைக்க நூறாண்டு ஆயிற்று. கிரேக்க நாட்டிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ், கருப்பைவாயிலிருந்து பஞ்சால் ஒற்றி எடுத்தாற்போல் எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியில் பார்த்தார். நாள்தோறும் தம்மையே ஆராய்ச்சிக்கு ஒப்புவித்தவர் அவருடைய துணைவியார். 1928இல் அறிவித்தபோது அறிஞர் உலகம் பொருட்படுத்தவில்லை. 1941இல் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து மீண்டும் எழுதினார். இம்முறை உலகம் செவி சாய்த்தது. இந்தப் புற்றுநோய் ஓரிரவில் முளைப்பதன்று. இயல்பு மாறிய உயிரணுக்கள் புற்றாக முற்றப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுவிட்டால் சிறு மருத்துவத்தோடு முடிந்துவிடும். கொலைகாரன் பத்தாண்டுக் காலம் வாயிலிலேயே நிற்கிறான். வாயிலைத் திறந்து பார்ப்பார்தாம் இல்லை! பார்ப்பதற்குத்தான் பாப் சோதனை.

ஆக, 1940களில் அறிவு கிடைத்துவிட்டது. கிடைத்த அறிவு எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா? இங்கேதான் கோடு விழத் தொடங்குகிறது.

★

ஐரோப்பாவின் வடகோடியில் ஐந்து நாடுகள்: ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன், டென்மார்க், நார்வே. ஐந்தும் செல்வ நாடுகள். ஐந்திலும் எழுதப் படிக்கத் தெரியாதார் இல்லை. ஐந்திலும் மருத்துவர்கள் நிறைய. 1960களில் பின்லாந்தும் ஐஸ்லாந்தும் ஒரு முடிவு செய்தன. நோய் வந்தவள் மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திராமல், உரிய வயதுப் பெண்கள் அனைவருக்கும் அரசே அழைப்புக் கடிதம் அனுப்பும். வராதவளுக்கு மறுபடியும் அனுப்பும். டென்மார்க்கில் சில வட்டாரங்கள் செய்தன, சில செய்யவில்லை. நார்வேயிலோ ஒரே ஒரு மாவட்டத்தில் மட்டும் அத்தகைய திட்டம். மற்ற இடங்களில் விருப்பமுள்ளவள் மருத்துவரிடம் போனால் சோதனை, போகாதவளைக் கேட்பாரில்லை.

விளைவைப் பாருங்கள். 1965க்கும் 1982க்கும் இடையே இந்த நோயால் நேரும் சாவு ஐஸ்லாந்தில் நூற்றுக்கு 80 குறைந்தது. பின்லாந்தில் 50. சுவீடனில் 34. டென்மார்க்கில் 25. நார்வேயில் வெறும் 10! நார்வேப் பெண் மூடநம்பிக்கையில் மூழ்கியவளா? இல்லை. மருத்துவம் அறியாதவளா? இல்லை. அவளுக்குக் கடிதம் வரவில்லை, அவ்வளவுதான். நாடு முழுமைக்கும் அங்கே அழைப்புத் திட்டம் வந்தது 1995இல்.

இங்கிலாந்தின் கதையும் அதுவே. 1960களிலிருந்தே அங்கே சோதனை உண்டு. ஆனால், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைக் கணக்கெடுத்து அழைக்கும் முறை 1988இல்தான் ஏற்பட்டது. அந்த ஆண்டில் நூற்றுக்கு 42 பெண்களே சோதனைக்கு உட்பட்டிருந்தனர். 1994இல் அது 85 ஆயிற்று! ஆறே ஆண்டுகளில் ஆங்கிலப் பெண்களின் அறிவு இரட்டிப்பாகிவிட்டதா, என்ன? பெயர்ப் பட்டியலும் அஞ்சல் தலையும் செய்த வேலையன்றோ அது!

மருந்தைக் கண்டுபிடிப்பவன் அறிஞன். அதை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆட்சி. முன்னது நிகழ்ந்து பின்னது நிகழாவிட்டால், அறிவு ஏட்டுச் சுரைக்காய்தான்.

★

நோயின் வேரைக் கண்டவர் ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன். பாப்பிலோமா என்னும் வைரஸ் இனத்தில் 16ஆம் வகையை 1983இலும், 18ஆம் வகையை 1984இலும் அவருடைய குழுவினர் இந்தப் புற்றிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினர். 2008இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அந்த 18ஆம் வகையோடு ஒரு பெண்ணின் பெயரும் சேர்ந்திருக்கிறது: ஹென்ரியட்டா லாக்ஸ். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், கருப்பைவாய்ப் புற்றுநோயால் 1951இல் தம் முப்பத்தொன்றாம் வயதில் மாண்ட கறுப்பினத் தாய். அவருடைய புற்றுக்கட்டியிலிருந்து உயிரணுக்களை எடுத்தார்கள். எடுக்கலாமா என்று அவரைக் கேட்கவில்லை. அந்த உயிரணுக்கள் சாகாமல் பெருகின. உலகெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போயின. அவற்றிலேயே அந்த வைரஸின் தடமும் பின்னாளில் காணப்பட்டது. எத்தனையோ மருந்துகளுக்கு அந்தத் தாயின் உடல் துணை நின்றது; அவர் குடும்பத்துக்கோ பல ஆண்டுகள் செய்திகூடத் தெரியாது. கேளாமல் எடுத்த அந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்காள்! வேறோர் ஊரில், வேறோர் உருவில் அது மீண்டும் வரும்.

ஆஸ்திரேலியாவில் இயான் ஃபிரேசரும், சீனாவிலிருந்து வந்த ஜியான் சோவும் 1991இல் கண்ட வழியே தடுப்பூசிக்கு அடிப்படை ஆயிற்று. 2006இல் அமெரிக்காவில் ஊசிக்கு இசைவு கிடைத்தது. வைரஸ் உடலில் புகுமுன் போட்டால்தான் முழுப்பயன்; ஆகையால் 9 முதல் 14 வயதே ஏற்ற பருவம். என் எதிரே அமர்ந்திருக்கும் நாற்பது பேரின் பருவம்!

2007இல் ஆஸ்திரேலியா பள்ளிகளிலேயே ஊசி போடத் தொடங்கியது. 2008இல் ஸ்காட்லாந்து தொடங்கியது. 2024இல் ஸ்காட்லாந்து அறிஞர்கள் ஏடுகளைத் திறந்து பார்த்தார்கள். 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களுள் எத்தனை பேருக்குப் புற்று முற்றியது? ஒருவருக்கும் இல்லை! சுழியம்! மருத்துவ வரலாற்றில் இப்படி ஒரு சுழியம் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கும்?

ஊசி பிறந்த அமெரிக்காவில் என்ன ஆயிற்று? அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ரோட் ஐலண்டு என்னும் சின்னஞ்சிறு மாநிலம், ஏழாம் வகுப்பில் சேரும் சிறுவர் சிறுமியர் இருபாலாருக்கும் ஊசி வேண்டும் என்று 2015இல் விதித்தது. அங்கே ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேல் முழுமையாகப் போட்டுக்கொண்டனர். தெற்கே மிசிசிப்பியில் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி பாதிப்பேர்கூட இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் மிகுந்த மாநிலங்களின் வரிசையில் முன்னால் நிற்பதும் அந்த மிசிசிப்பியே. ஒரே கொடி, ஒரே நாணயம், ஒரே மருந்துக் கம்பெனி. ஆயினும் இரண்டு விதி!

★

“ஏழை நாடு, எழுத்தறிவு குறைவு, அதனால்தான் பின்தங்கிவிட்டோம்” என்று கூறி அமைதி கொள்வோர் உண்டு. அவர்களுக்கு இரு நாடுகளைக் காட்டுகிறேன்.

ஒன்று, ஆப்பிரிக்காவின் ருவாண்டா. 1994இல் இனப்படுகொலையில் குருதி வெள்ளம் ஓடிய நாடு. 2011இல் அங்கே ஆறாம் வகுப்புப் பெண்களுக்குப் பள்ளியிலேயே ஊசி போட்டார்கள். பள்ளிக்கு வராத பெண்களைச் சிற்றூர் நலப்பணியாளர்கள் வீடு வீடாகத் தேடிச் சென்றார்கள். முதலாண்டிலேயே நூற்றுக்கு 93 பேர் மூன்று ஊசிகளையும் பெற்றனர்.

மற்றொன்று, செல்வமும் கல்வியும் செழித்த ஜப்பான். 2013 ஏப்ரலில் ஊசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன்பே உரிய வயதுப் பெண்களில் நூற்றுக்கு 70 பேரளவில் போட்டிருந்தனர். ஊசிக்குப் பின் வலிப்பும் வலியும் வந்ததாகச் சில சிறுமியரைப் பற்றிச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் ஓயாமல் பேசின. அவ்வாண்டு ஜூனிலேயே அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. நூற்றுக்கு 70, நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போயிற்று! நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம்பெண்களிடம் நடத்திய ஆய்வு, ஊசிக்கும் அந்தத் துன்பங்களுக்கும் தொடர்பு காணவில்லை என்று 2018இல் வெளிவந்தது. ஆயினும் பரிந்துரை மீண்டும் நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரலில்தான். இடைப்பட்ட ஒன்பதாண்டில் பருவம் கடந்துபோன பெண்களுக்கு யார் விடை சொல்வது?

ஏழை ருவாண்டா வென்றது. அறிவார்ந்த ஜப்பான் வழுக்கியது. ஆகவே, பட்டம் மட்டும் போதாது, தோழர்காள். பணம் மட்டும் போதாது. அச்சத்துக்கு உரிய நேரத்தில், உரிய மொழியில் விடை கூறும் வாய் வேண்டும்.

★

இனி நம் நாடு.

2009இல், அன்றைய ஆந்திர மாநிலத்துக் கம்மம் மாவட்டத்திலும், குசராத்தின் வதோதராவிலும், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமியருக்கு இந்த ஊசி போடப்பட்டது. அமெரிக்க அமைப்பு ஒன்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய திட்டம். கம்மத்தில், பத்ராசலம் பக்கத்துப் பழங்குடிச் சிறுமியர் பலர் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமியர் மாண்ட செய்தி வெளிவந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமன்று என்றே விசாரணைக் குழு கூறியது. ஆனால், விசாரணையில் வேறொன்று வெளிப்பட்டது. ஒப்புதல் தாள்களில் பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், பல தாள்களில் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டிருந்தனர்! 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

நினைவிருக்கிறதா, பால்டிமோர்த் தாய்? கேளாமல் எடுத்தனர் அங்கே; கேளாமல் கொடுத்தனர் இங்கே. இரண்டிலும் கேட்கப்படாதவள் ஏழை, ஒதுக்கப்பட்டவள். ஊசி நல்ல ஊசிதான். ஆனால், நல்லதைச் செய்கிறோம் என்ற இறுமாப்பில், “இவளைக் கேட்பானேன்?” என்று எண்ணியபோதே ஐயத்துக்கு வித்திட்டாயிற்று. அந்த ஐயம் ஆண்டுக்கணக்கில் இந்தியாவெங்கும் ஊசியின் பாதையை மறித்து நின்றது. எழுத்தறியாத தந்தை அஞ்சினால் அதை அறியாமை என்று நகைப்பது எளிது. தன் மகளின் உடலுக்குத் தன் ஒப்புதல் கேட்கப்படவில்லை என்று அறிந்தவன் அஞ்சுவது அறியாமையா? அதுவும் ஒருவகைப் பகுத்தறிவுதானே!

2018இல் இமயத்தின் மடியில் இருக்கும் சிக்கிம், 9 முதல் 13 வயதுப் பெண்களுக்கு ஊசித் திட்டத்தை நடத்தியது. ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே எடுத்துரைத்து, ஐயங்களுக்கு விடை கூறி, அதன் பின்னரே ஊசியைக் கையில் எடுத்தார்கள். நூற்றுக்கு 97 பேர் போட்டுக்கொண்டனர்! கம்மத்தில் ஐயம் விளைந்தது. சிக்கிமில் நம்பிக்கை விளைந்தது. மண்ணின் குற்றமா? உழுத முறையின் வேறுபாடு!

★

சோதனைத் துறையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. விலையுயர்ந்த கருவி இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தனர். புளிக்காடி என்று வீட்டில் சொல்கிறோமே, அதன் சத்துத்தான் அந்த அமிலம். கேடுற்ற இடம் வெளுத்துக் காட்டும். 30 முதல் 59 வயதுக்கு உட்பட்ட 31,000க்கும் மேற்பட்ட பெண்கள் முன்வந்தனர். 2007இல் முடிவு வெளியாயிற்று: சோதனைத் திட்டம் நடந்த ஊர்களில் நோய் நூற்றுக்கு 25 குறைந்தது, சாவு நூற்றுக்கு 35 குறைந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர் பெண்டிர் உலக மருத்துவ ஏட்டில் எழுதிய பாடம் அது! ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய ஊர்களில் அந்தச் சோதனை நடக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளில் அவ்வாறு விடப்பட்ட பெண்களைப் பற்றி அறிஞரிடையே பின்னர்க் கண்டனம் எழுந்தது, எழுந்ததும் முறையே.

2007இல் தேனி, தஞ்சை மாவட்டங்களில் அரசு சோதனைத் திட்டத்தை முன்னோட்டமாக நடத்திப் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. பயன் என்ன? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களுள் ஒருமுறையேனும் இந்தச் சோதனை செய்துகொண்டோர், இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு 1.9. குசராத்திலும் மேற்கு வங்கத்திலும் 0.2, ஆயிரத்துக்கு இருவர்! தமிழ்நாட்டில் 9.8.

முதலிடம் என்று முரசு கொட்டலாமா? கொட்டுமுன் கணக்கைத் திருப்பிப் படியுங்கள். பத்துப் பெண்களில் ஒன்பது பேர் சோதனையே காணாதவர்! உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த இலக்கு என்ன? 2030க்குள், 15 வயதுக்குள் நூற்றுக்கு 90 சிறுமியருக்கு ஊசி. 35 வயதிலும் 45 வயதிலுமாக நூற்றுக்கு 70 பெண்களுக்குச் சோதனை. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மருத்துவம். எழுபது எங்கே, பத்து எங்கே! இந்திய நிறுவனம் ஒன்றே ஆக்கிய ஊசிக்கு 2022இல் இசைவு கிடைத்தது. தமிழ்நாடு அரசு 14 வயதுச் சிறுமியருக்கு ஊசி வழங்கும் திட்டத்தை 2025 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. அறிவிப்பு மகிழ்ச்சி தருவது. ஆனால், அறிவிப்புக்கும் கைக்கும் இடையே உள்ள தொலைவே இந்த வரலாறு முழுதும் நாம் கண்டது.

★

ஒரு நாள் ஒப்புதல் தாள் ஒன்று என் மேசைக்கும் வரும். நாற்பது தாள்கள். நேரம் குறைவு, மேலிடத்து அவசரம், “நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்” என்று எவரேனும் சொல்லக்கூடும். அன்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெற்றோரை அழைத்து, நோயின் பெயரைக் கூசாமல் சொல்லி, நன்மையையும் ஐயத்தையும் எடுத்துரைத்து, அவர்கள் கையாலேயே கையெழுத்து வாங்குவேனா? அதுதான் எனக்குள்ள தேர்வு. அத்தகைய தேர்வில் கம்மத்தில் சிலர் தவறியதால் நேர்ந்ததை நாடு கண்டது.

உங்களுக்கும் தேர்வு உண்டு, தோழர்காள்! மேடையிலே பெண் விடுதலை பேசுகிறோம். கைதட்டல் பெறுகிறோம். வீட்டுக்குப் போய், “அம்மா, அந்தச் சோதனை செய்துகொண்டீர்களா?” என்று கேட்டிருக்கிறோமா? இதை எழுதத் தொடங்கிய பிறகே நான் கேட்டேன். கேட்பதற்குப் பதினைந்து நாள் தயங்கினேன். கேட்டதும் அம்மா தலை குனிந்து, “அதெல்லாம் எனக்கெதற்கு?” என்றார். ஒரு திங்கள் கழித்து அரசு மருத்துவமனைக்கு உடன் சென்றேன். சோதனைக்கு ஆன நேரம் பத்து நிமிடங்கூட இல்லை. தயக்கத்துக்கு ஆன காலமோ அவருக்கு முப்பது ஆண்டு; எனக்குப் பதினைந்து நாள்!

பின்லாந்தில் அரசின் கடிதம் போயிற்று. ருவாண்டாவில் நலப்பணியாளரின் கால்கள் போயின. இங்கே உங்கள் தெருவுக்கு யார் போவது? பெயர்ப் பட்டியலை எடுங்கள். முப்பது வயது கடந்த பெண்கள் எத்தனை பேர், பதினான்கு வயதுக்கு உட்பட்ட சிறுமியர் எத்தனை பேர் என்று வெரோனா மருத்துவரைப் போல எண்ணுங்கள். எண்ணியபின் கதவைத் தட்டுங்கள். கட்டளையிடாதீர்கள், கேளுங்கள். கேட்டதற்கு விடை சொல்லுங்கள்.

நாளையும் உலகப்படத்தின் முன் நிற்பேன். நாற்பது பெண்கள் எதிரே இருப்பார்கள். அந்தக் கோட்டைப் போட்டது இயற்கையன்று, மனிதர் போட்டது. மனிதர் போட்ட கோட்டை மனிதர் அழிக்கலாம் என்பதையும் பாடமாக அவர்களுக்குச் சொல்லத்தான் போகிறேன்.